வெளுத்த சாம்பலும் இடது கால் பூட்ஸும்

7

"லைல், இதைக் கொஞ்சம் மோந்து பாரு."

சிக்னி க்வாமி இடுக்கியில் பிடித்து நீட்டியது, பார்த்தவுடன் யாருக்கும் மோந்து பார்க்கத் தோன்றாத ஒரு பொருள். பூட்ஸுக்குள் பாதத்துக்கு அடியில் போடுகிற இன்சோல். கறுப்பு நிறம். இடது காலுக்கானது. பெருவிரலும் குதிகாலும் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது.

"பாஸ், துப்பறியற வேலைன்னு சொல்லித்தான் என்னைச் சேர்த்தீங்க. மோப்பம் பிடிக்கறதுன்னா சம்பளம் வேற பேசியிருப்பேன்."

"என் மூக்குதான் செத்துப் போச்சே. உன்னோடது நல்லாத்தானே இருக்கு. சும்மா கிடக்க எதுக்கு?"

சிக்னி துப்பறியத் தொடங்கியது தலை நரைத்த பிறகுதான். அதற்கு முன் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா முழுக்க அலைந்து, ஆலங்கட்டி மழையில் நசுங்கிய கார்களைப் பார்த்து, எது வானம் போட்ட பள்ளம், எது சொந்தக்காரன் சுத்தியலால் போட்ட பள்ளம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு குளிர்காலக் காய்ச்சல் அவள் மூக்கைக் கொண்டுபோனது. மூளையைத் தொடவில்லை. லைல் கெஃப்ரோ ஒரு காலத்தில் ஐஸ் ஹாக்கியில் கோல் காத்தவன். இப்போது சிக்னியின் வண்டியை ஓட்டுகிறான், கூடவே வாயையும்.

அவன் கண்ணை மூடி, கர்த்தரை நினைத்து, மூக்கை நீட்டினான்.

"ஒண்ணும் இல்ல பாஸ்."

"ஒண்ணுமேவா?"

"ஒருத்தன் கால்ல கிடந்து தேஞ்ச சாமான். துளி வாசனை இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படாதீங்க, அது கரித்தூள் ஏத்தின துணியில செஞ்சது" என்றாள் அவர்களை வரவழைத்து, நாற்காலியில் சாய்ந்திருந்த ஜோலின். "நாத்தத்தை உறிஞ்சிக்கும். இந்த ஊர்ல எல்லாரும் போடறதுதான்."

எல்ஸ்பி அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிக்கு அடியில் இருந்த சின்ன அறை அது. ஜோலினுக்கு ஏழாம் மாதம். அவள் வயிற்றுக்கும் அவள் பார்த்துக்கொள்ளும் மெஷினுக்கும் நடுவே லைல் நிற்க இடம் கஷ்டமாக இருந்தது.

"முதல்லேருந்து சொல்லு" என்றாள் சிக்னி.

"நிலக்கரியில பாதரசம் இருக்கு. எரிச்சா புகையோட மேல போகும், மழையோட ஏரியில இறங்கும், மீனுக்குள்ள போயிரும். அதுக்காக இங்க புகை வர்ற வழியிலயே கரித்தூளை ஊதி விடணும். கரி பாதரசத்தைப் பிடிச்சுக்கிட்டு சாம்பலோட கீழ விழுந்துரும். அப்படியும் தப்பிச்சு வெளிய போறது எவ்வளவுன்னு இந்த மெஷின் சொல்லும்."

"என்ன சொல்லுது?"

"ரெண்டு வருஷமா நல்ல சேதிதான் சொல்லுது. நாட்டிலேயே சுத்தமான புகைபோக்கின்னு எங்களுக்குக் கேடயம்கூட குடுத்தாங்க." ஜோலின் வயிற்றைத் தடவினாள். "போன வாரம் டாக்டர் என் ரத்தத்தைச் சோதிச்சாரு. பாதரசம் ஏகத்துக்கு இருக்காம். 'என்னம்மா சாப்பிடற?'ன்னாரு. ஏரி மீன்தான்னேன். 'இனி தொடாதே, குழந்தையோட மூளைக்கு ஆகாது'ன்னாரு. எனக்குக் கோபம் டாக்டர் மேல வரல. இந்த மெஷின் மேல வந்துச்சு. நேரா வந்து வடிகட்டியைத் திறந்தேன். இது உள்ள மடங்கிக் கிடந்துச்சு."

"அதாவது" என்றான் லைல், "மெஷினோட மூக்கை எவனோ கரித்துணியால அடைச்சிட்டான். பாதரசம் மெஷினுக்கு வர்றதுக்குள்ள அதுல ஒட்டிக்கும். மெஷின் மட்டும் 'ஆகா, என்ன சுத்தம்'னு பாடிக்கிட்டு இருந்திருக்கு."

"தினமும் சோதிப்பீங்களே?" என்றாள் சிக்னி.

"சோதனை வாயுவை வடிகட்டிக்குப் பின்னாலதான் உள்ள விடுவோம். அதனால ஒழுங்காத்தான் காட்டும். தெரிஞ்சவன் செஞ்ச வேலை. ஆனா வடிகட்டிக்குச் சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. திங்கட்கிழமை மாநில அதிகாரிங்க வர்றாங்க, மீன்ல பாதரசம் ஏறிப்போச்சுன்னு. இதைப் பாத்தா அவங்க யாரைப் பிடிப்பாங்க? குழந்தையை ஜெயில்ல பெத்துக்கணும்."

"நீ இருக்கறப்ப உள்ள யாரு வருவாங்க?"

"வேத்து ஆள் யாரும் வரமாட்டாங்க."

சிக்னி இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். கதவு திறந்தது. முதலில் குளிர் வந்தது, அப்புறம் ஒரு ஜோடி பூட்ஸ். படகு மாதிரி இருந்தன. அவற்றுக்கு மேலே மின் நிலையத்தின் மேலாளர் ராண்டால் ஃபைஸ்ட், சிரித்த முகமாக. சிக்னி இன்சோலைக் கைப்பைக்குள் தள்ளினாள்.

"விருந்தாளிங்களா! குளிர் எப்படி?"

வெளியே எச்சில் துப்பினால் தரையில் விழும்போது உடைகிற குளிர்.

"மோசமில்ல" என்றாள் சிக்னி, அந்த ஊர் முறைப்படி.

"மத்தியானம் சர்ச்சுல லூட்டஃபிஸ்க் விருந்து. கட்டாயம் வந்துருங்க. ஜோலின், உன் வீட்டுக்காரன் அங்க மேசை போட்டுக்கிட்டிருக்கான். தங்கமான பையன்."

அவர் போனதும் லைல் சிக்னியின் காதோரம் குனிந்தான். "பாஸ், அந்தக் கால் சைஸைப் பாத்தீங்களா? கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாம்."

*

சாப்பிடப் போகும் வழியில் சிக்னி வண்டியை நிறுத்தச் சொன்னாள். சாம்பல் கிடங்குக்கு அடியில் ஒரு லாரி நிறைந்துகொண்டிருந்தது. எல்ஸ்பியின் சாம்பல் கான்கிரீட் கலவைக்குப் போகும். சிக்னி இறங்கிப் போய், சிந்திக் கிடந்த சாம்பலில் தன் கறுப்புக் கையுறையை ஒற்றிக்கொண்டு வந்தாள்.

"பாரு."

"பால் பவுடர் மாதிரி இருக்கு."

"தினமும் மூட்டை மூட்டையா கரித்தூளை ஊதறாங்கன்னா சாம்பல் எப்படி இருக்கணும்?"

லைல் யோசித்தான். "உங்க கையுறை மாதிரி."

"கரி கலந்த சாம்பலைக் கான்கிரீட்காரன் தொடமாட்டான். அந்தக் கான்கிரீட் பனியில வெடிச்சுப் போகும். அப்ப சாம்பலைக் குழி வெட்டித்தான் புதைக்கணும். இவங்க கரியே ஊதலை, லைல். கணக்குக் காட்ட வாங்கறாங்க, ஊதறதில்ல."

"அப்ப வாங்கின கரி எங்க போகுது?"

வண்டி ஊருக்குள் நுழைந்தது. இடப்பக்கம் நீளமாகப் பன்றிப் பண்ணை. லைல் பழக்கதோஷத்தில் மூச்சை அடக்கினான். பண்ணையைத் தாண்டும் முன் முகம் சிவந்து, வேறு வழியில்லாமல் மூச்சை இழுத்தான். பிரேக்கை மிதித்தான்.

"பாஸ். பன்னிங்க நிக்குது. நாத்தத்தைக் காணோம்."

"நல்லா பாரு."

அவன் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி இழுத்தான். ஒரு பன்றி அவனை மரியாதையாகப் பார்த்தது. "சத்தியமா இல்ல. பனி வாசனைதான் வருது. சின்ன வயசுல இந்தப் பக்கம் ஹாக்கி ஆட வந்தா பஸ்ஸுல பாதிப் பேர் வாந்தி எடுப்போம்."

"யாரோட பண்ணை?"

பெயர்ப்பலகையைப் பனி பாதி மூடியிருந்தது. மீதியில் பன்றிப் படம் மட்டும் தெரிந்தது.

*

லூத்தரன் சர்ச்சின் நிலவறைப் படிகளில் இறங்கும்போது லைல் கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டான். லூட்டஃபிஸ்க் என்பது காய்ந்த காட் மீனைக் காரக் கரைசலில் நாள்கணக்காக ஊறவைத்து, கண்ணாடி போல் நடுங்குகிறவரை விட்டு, அப்புறம் வேகவைப்பது. சமைத்த வீட்டில் ஒரு வாரத்துக்குத் திரைச்சீலையும் நாய்க்குட்டியும் அதே வாசனை அடிக்கும்.

நிலவறையில் ஊரே உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டிருந்தது. உருகிய வெண்ணெயை ஊற்றி, லெஃப்ஸ என்கிற உருளைக்கிழங்கு ரொட்டியில் சுருட்டி, காபியோடு. லைல் கைக்குட்டையை எடுத்தான். மறுபடி இழுத்துப் பார்த்தான்.

"வெண்ணெய் வாசனை வருது" என்றான் நடுங்கும் குரலில். "மீன் வாசனை வரல. எனக்கும் உங்களை மாதிரி மூக்கு போயிருச்சு பாஸ்."

"மேல பாரு."

கூரைக் குழாய்களில் வரிசையாகத் துணிப்பைகள் தொங்கின. ஒவ்வொன்றின் அடியிலும் லேசாகக் கறுப்புப் பொடி கசிந்திருந்தது.

"கரி" என்றான் லைல். "பன்னிப் பண்ணையிலயும் இதானா? மொத்த ஊரும் மின் நிலையத்துக் கரியை மாட்டித் தொங்கவிட்டிருக்கா?"

"அதனால யாரைக் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டாங்க. ஆனா இடது கால் பேசும்." சிக்னி படிக்கட்டின் அடியைக் காட்டினாள். உள்ளே வந்தவர்கள் எல்லாரும் கழற்றி விட்ட பூட்ஸ்கள், கறுப்பாக, ஒன்று போல, சுவரோரம் நீண்டு கிடந்தன. ஊரில் யாரும் செருப்புக் காலோடு உள்ளே வருவதில்லை. "இந்த ஊர்ல எல்லாரும் கரி இன்சோல்தான் போடறாங்க. ஒருத்தன் மட்டும் இடது கால்ல இருந்ததை உருவிட்டான். அந்த ஒரு பூட்ஸ் நாறும்."

லைல் சிக்னியைப் பார்த்தான். பூட்ஸ் வரிசையைப் பார்த்தான்.

"எங்கம்மா என்னைப் பல் டாக்டருக்குப் படிக்கச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மண்டியிட்டான்.

ஃபைஸ்டின் படகுகளைத்தான் முதலில் தூக்கினான். இடதுக்குள் முகத்தை விட்டான். ஒன்றுமில்லை. நம்பிக்கை போகாமல் இன்னொரு முறை விட்டான். அடுத்ததும் ஒன்றுமில்லை. அதற்கடுத்து ஒரு சிவப்பு பூட்ஸுக்குள் மூக்கு இருந்தபோது, தலைக்கு மேலே குரல் கேட்டது.

"அது என்னோடது."

பாஸ்டர் எய்லீன் டோர்விக் காபிக் கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு பாஸ்டர்" என்றான் லைல்.

"அப்படியா, சந்தோஷம்" என்றார் பாஸ்டர். அந்த ஊரில் அதற்கு மேல் யாரையும் ஒன்றும் கேட்பது நாகரிகமில்லை. அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்துவிட்டுப் போனார்.

வரிசையின் கோடிக்குப் பக்கத்தில் லைலின் தலை பின்னால் வெட்டி இழுத்தது. கண்ணில் நீர். அதே ஜோடியின் வலது பூட்ஸை எடுத்து மோந்தான். சுத்தம். இடதை மறுபடி. "ஊஃப் டா!" என்று அவன் பாட்டனார் ஊர் மொழியில் அலறினான். "பாஸ், இதுக்குள்ள ஒரு பன்னியே வாழ்ந்திருக்கு!"

சிக்னி இன்சோலை எடுத்து உள்ளே வைத்தாள். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. பூட்ஸைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"யாரோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? 'இந்த நாத்தம் பிடிச்சது யாருது'ன்னு கேட்டா எவன் கை தூக்குவான்?"

"நீ போய் மைக்குல ஒண்ணு சொல்லு." காதில் சொன்னாள்.

லைல் மைக்கைப் பிடித்தான். "மன்னிக்கணும். யாரோட பிக்கப் வண்டியோ ஒண்ணு, கறுப்பு கலரு, சரிவுல தானா உருண்டு ஏரியைப் பாத்துப் போயிட்டிருக்கு."

எல்ஸ்பியில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் எவனும் கறுப்பு பிக்கப் தவிர வேறு வாங்கியதில்லை. நாற்காலிகள் சரிந்தன. ஒரு கிண்ணம் வெண்ணெயும் ஒரு தட்டு மீனும் கவிழ்ந்தன. அத்தனை பேரும் படிக்கட்டுக்கு ஓடி, பூட்ஸுக்குள் காலைத் திணித்து, கயிறு கட்டாமல் மேலே பாய்ந்தார்கள். ஃபைஸ்டும் பாய்ந்தார். இரண்டு காலிலும் படகு.

லைலின் முகம் தொங்கிப் போனது. "பாஸ், அந்தாளு ரெண்டு காலோட ஓடறான்."

"பேசாம நில்லு."

கூட்டம் கரைந்த இடத்தில் ஒரே ஒருவன் மிச்சமிருந்தான். வலது காலில் பூட்ஸ், இடது காலில் சாம்பல் நிற சாக்ஸ். பெஞ்சுக்கு அடியில் குனிந்து கையால் துழாவிக்கொண்டிருந்தான். உயரமான, கூச்சமான, காது சிவந்த மனிதன்.

"எதைத் தேடற, ஆர்லோ?"

கேட்டது ஜோலின். அவனுக்காகத் தட்டில் மீனையும் லெஃப்ஸ ரொட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இடது பூட்ஸைக் காணோம் ஜோ" என்றான் அவள் கணவன்.

சிக்னி கோட்டைத் திறந்தாள். லைல் மூச்சை அடக்கிக்கொண்டான். ஜோலின் பூட்ஸைப் பார்த்தாள். அதற்குள் இருந்த கறுப்பு இன்சோலைப் பார்த்தாள். தட்டைக் கவனமாக மேசை மேல் வைத்தாள்.

"வேத்து ஆள் யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னியே" என்றாள் சிக்னி மெதுவாக. "நான் அப்பவே கேட்டிருக்கணும். வீட்டு ஆள்?"

"தினமும் என்னைக் கூட்டிட்டுப் போக வருவான்." ஜோலின் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பாத்ரூம் போவேன். சாவி மேசை மேல இருக்கும்."

ஆர்லோ பெஞ்சில் உட்கார்ந்தான்.

"நம்ம பன்னிப் பண்ணை நாறுதுன்னு ஊரே கோர்ட்டுக்குப் போக இருந்துச்சு ஜோ. இழுத்து மூடியிருப்பாங்க. ஃபைஸ்ட் வந்தாரு. கரி தர்றேன், தொங்கவிடு, நாத்தம் போயிரும்னாரு. போயிருச்சு. எல்லாரும் கேட்டாங்க, எல்லாருக்கும் குடுத்தாரு. பதிலுக்கு உன் மெஷின்ல சின்னதா ஒரு அடைப்பு வைன்னாரு. இன்சோலை மடிச்சு வைக்கறது என் யோசனைதான். மாசம் ஒண்ணு புதுசு வாங்கி வைப்பேன். இந்தத் தடவை பனிப்புயல்ல கடையை மூடிட்டான். அதான் என் பூட்ஸுல இருந்ததையே..."

"வேலையில இருந்த நேர்மையைப் பாருங்க பாஸ்" என்று முணுமுணுத்தான் லைல். சிக்னி அவன் காலை மிதித்தாள்.

"ஏரியில மீன் பிடிச்சது யாரு?" என்றாள் ஜோலின்.

"நான்."

"அதை வறுத்தது?"

"நான்தான்."

"தின்னது?"

ஆர்லோ அவள் வயிற்றைப் பார்த்தான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"புகை மேல போனா போயிரும்னு நெனச்சேன் ஜோ. திரும்பி வரும்னு தெரியாது. நீயே எத்தனையோ தடவை சொல்லியிருக்க. நான் காதுல வாங்கல."

படிகளில் தடதடவென்று சத்தம். பனி உதறியபடி ஆண்கள் இறங்கி வந்தார்கள். "ஒரு வண்டியும் உருளலையே" என்றார் ஃபைஸ்ட், சிரித்துக்கொண்டே. பெஞ்சில் இருந்தவனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சாம்பல் வெள்ளையா இருந்தாத்தான் விலை போகும், இல்லையா?" என்றாள் சிக்னி.

ஃபைஸ்ட் சுற்றிலும் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. "யாரு சாட்சி சொல்வா, மேடம்? கரி யார் வீட்டுல இல்ல? ஹாக்கி மைதானத்துல இருக்கு, பள்ளிக்கூடத்துல இருக்கு, உங்க தலைக்கு மேலயே தொங்குது. இந்த ஊர்ல யாரும் யாரையும் காட்டிக் குடுக்கமாட்டோம். நாங்க நல்ல ஜனங்க."

எல்லாரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். மூலையில் ஒரு வாட்டசாட்டமான ஆள் வாயில் லெஃப்ஸ ரொட்டியோடு கையைத் தூக்கினான்.

"நான் இந்த ஊர் இல்ல. சாம்பல் லாரி ஓட்டறேன். லோடு வெளியதான் நிக்குது. வேணும்னா அள்ளிப் பாத்துக்கலாம்." மென்று விழுங்கினான். "மீன் நல்லா இருக்கு."

பாஸ்டர் எய்லீன் கெட்டிலை வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். தலைக்கு மேலிருந்த பையின் முடிச்சை அவிழ்த்தார். அடுத்தது. அதற்கடுத்தது. கடைசிப் பை இறங்குகிற நேரத்தில் அடுக்களையிலிருந்து அது வந்து சேர்ந்தது. மூடியிருந்த பெரிய அண்டாக்களிலிருந்து, தட்டுகளிலிருந்து, தரையில் கவிழ்ந்த மீனிலிருந்து, ஒரேயடியாக. கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. லைல் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன ஆச்சு?" என்றாள் சிக்னி.

"உங்களுக்குக் கடவுள் குடுத்த வரம் பாஸ், அந்த மூக்கு."

கண்ணில் நீர் வழிய, ஆனால் மரியாதைக்குக் குறையாமல், ஊர் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு பெண்கள் மேசையிலிருந்து ஒருத்தி இருமலுக்கு நடுவே சொன்னாள்: "எங்க ஷெட்டுல நாலஞ்சு மூட்டை இருக்கு. எடுத்துட்டு வந்துரட்டுமா?"

"ஹாக்கி மைதானத்துல ஒரு வண்டி தேறும்" என்றார் இன்னொருவர்.

"ராண்டால், கரிக் கிடங்கைத் திறந்து விடுங்க" என்றார் பாஸ்டர் நாற்காலியிலிருந்து இறங்காமலே. ஃபைஸ்ட் வாசலைப் பார்த்தார். வாசலில் சாம்பல் லாரிக்காரன் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான், வாசலையே அடைத்தபடி. ஃபைஸ்ட் சாவிக்கொத்தை எடுத்தார்.

*

பொழுது சாய்வதற்குள் மின் நிலையத்தின் வாசலில் கறுப்பு பிக்கப்புகள் வரிசை கட்டி நின்றன. மூட்டைகள் கைமாறின. கரித்தூளை ஊதும் இயந்திரம் இரண்டு வருஷத் தூக்கம் கலைந்து தும்மியது. ஜோலின் தன் அறையில் வடிகட்டிக்குப் புது உறை போட்டு மெஷினை ஓடவிட்டாள். கரி இன்னும் புகையோடு போய்ச் சேரவில்லை. எண் ஏறியது. எல்லைக் கோட்டைத் தாண்டியது. அப்புறமும் ஏறியது. அவள் திரையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆர்லோ கதவருகே தலை குனிந்து நின்றான். சிக்னி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜோலின் மாநில அலுவலகத்தின் எண்ணைச் சுழற்றி, போனை அவன் பக்கம் நீட்டினாள். "நீயே சொல்லு."

அவன் வாங்கிக் காதில் வைத்தான். "சனிக்கிழமையாம். மெஷின்தான் பேசுது. பீப் சத்தத்துக்கப்புறம் சொல்லணுமாம்."

"சொல்லு."

"வணக்கம். நான் ஆர்லோ ரூட். எல்ஸ்பியில பன்னிப் பண்ணை வச்சிருக்கேன். இங்க குளிர் ரொம்ப. உங்க பக்கம் எப்படின்னு தெரியல. நான் ஒரு விஷயம் சொல்லணும். அதாவது ரெண்டு வருஷத்துக்கு முன்னால எங்க பண்ணையில நாத்தம்னு..." நிறுத்திவிட்டு போனைப் பார்த்தான். "கட்டாயிருச்சு."

"மறுபடி போடு."

போட்டான். இந்த முறை ஃபைஸ்ட் வரை வந்தான். கட்டானது. மூன்றாம் முறை பனிப்புயலில் கடை மூடியது வரை வந்தான். லைல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. நாலாம் முறை ஆர்லோவின் குரல் உடைந்தது.

"இன்சோலை வச்சது நான். ஜோலினுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவ நல்லவ. அவதான் கண்டுபிடிச்சா. அவளை ஒண்ணும் செஞ்சிராதீங்க, அவளுக்கு..." கட்டானது.

ஜோலின் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு, இடுப்பைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை போடு" என்றாள். "கடைசியா சொன்னதை முதல்ல சொல்லு."